பிரசவத்துக்குப் பின் நிற்காத நீர்க்கசிவு: மேல்பழனி மலை வாசகிக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையைத் தாண்டிய ஒரு மலைக்கிராமத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை விட்டும் சிலவற்றை மாற்றியும் அதன் சாரத்தைத் தருகிறேன். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவருக்குக் கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை மாலை வலி கண்டது. ‘முதல் வலிதானே, நேரமாகும்’ என்று அன்றிரவு வீட்டிலேயே காத்திருந்தார்கள். ஞாயிறு காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது பனிக்குடம் உடைந்திருந்தது. மாலைக்குள் கருப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டது, ஆனால் குழந்தையின் தலை இறங்கவில்லை. அங்கிருந்து இன்னொரு மருத்துவமனைக்கும், சாலையில் விழுந்த மரத்தை அகற்றிய பின் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் சமவெளிக்கும் அனுப்பப்பட்டார். திங்கள் விடியலில் சிசேரியன் செய்து எடுத்தபோது குழந்தை இறந்திருந்தது, ஆண் குழந்தை. சிறுநீர் வடிய மூத்திரப்பையில் வைத்திருந்த குழாயை ஐந்தாம் நாள் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் காலை விழித்தபோது பாய் முழுவதும் நனைந்திருந்தது. அன்றிலிருந்து நான்கு மாதங்களாக இரவு பகல் என்றில்லாமல் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இடது கால் பாதம் தொங்குகிறது, செருப்பு நழுவிவிடுகிறது. மாதவிலக்கு இன்னும் வரவில்லை.

கேள்விகள் பல. இது தானாக நிற்குமா, உடற்பயிற்சியால் நிற்குமா? அறுவையின்போது மருத்துவர் மூத்திரப்பையை வெட்டிவிட்டாரா, புகார் கொடுக்கலாமா? கருப்பையை எடுத்துவிட்டால் சரியாகும் என்று உறவினர் சொல்வது உண்மையா? இனி குழந்தை பிறக்குமா? புகுந்த வீட்டில் ‘உடம்பு தேறிய பிறகு வரட்டும்’ என்று சொல்லத் தொடங்கி, இப்போது மகனுக்கு வேறு பெண் பார்ப்பது வரை பேச்சு போயிருக்கிறதே, என்ன செய்வது? கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்ட கடைசிக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழந்தையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒன்பது பக்கத்தில் அவனைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். பால் கட்டி, அதை வற்ற வைக்க மார்பில் துணி இறுக்கிக் கட்டியதாக இன்னொரு வரி. கசிவும் துணி துவைப்பதும் நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டதால் துக்கத்துக்குக்கூட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பலவீனம் என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை எழுந்தாலும் அன்றே பேசுங்கள், பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

உடலுக்குள் நடந்தது என்ன

இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் முன்புறம் மூத்திரப்பையும், பின்புறம் மலக்குடலும், நடுவில் பிரசவப் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. குழந்தையின் தலை, தாயின் இடுப்பு அளவுக்குப் பொருந்தாமலோ கோணலாகத் திரும்பியோ சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு வலியும் அந்தத் தலையை எலும்பின்மேல் அழுத்துகிறது. இடையில் அகப்பட்ட மெல்லிய சதை நசுங்குகிறது. விரலில் நூலை இறுக்கிக் கட்டினால் நுனி நீலம் பாரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டு பல மணி நேரம் நீடித்தால் இரத்தம் போகாமல் அந்தச் சதை செத்துவிடுகிறது. செத்த சதை உடனே விழாது. பிரசவமாகி மூன்று முதல் பத்து நாளுக்குள் அழுகி உதிரும். உதிர்ந்த இடத்தில் மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓர் ஓட்டை விழும். மூத்திரப்பையில் சேர வேண்டிய நீர் அந்த ஓட்டை வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதைப் பிரசவ ஃபிஸ்டுலா என்கிறோம். இந்தச் சொல்லைக் கைபேசியில் தேடினால் பெரும்பாலும் ஆசனவாயில் வரும் பௌத்திரத்துக்கான விளம்பரங்களே வரும். அதற்குக் கொடுக்கும் களிம்பும் லேகியமும் உங்கள் நோய்க்கு எந்த விதத்திலும் தொடர்புடையவை அல்ல, அவற்றுக்குப் பணம் அழிக்க வேண்டாம்.

தோட்டத்தில் குனிந்து வேலை செய்ததாலோ, மூட்டை சுமந்ததாலோ, பத்தியம் தவறியதாலோ இது வரவில்லை. ‘வேலை செய்கிற உடம்பு, சுகப்பிரசவம்தான்’ என்று எல்லோரும் சொன்னதை நம்பியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உழைத்த உடம்பு வலியைத் தாங்கும், எலும்பின் அளவை அது மாற்றாது. தெய்வக் குற்றம் என்று அத்தை சொல்வதற்கும் ஒரு விடை உண்டு. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்து அரண்மனையில் வாழ்ந்த ஹென்ஹெனித் என்ற பெண்ணின் பாடம் செய்யப்பட்ட உடலை ஆராய்ந்தபோது, அவருடைய மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே பெரிய ஓட்டை இருந்தது தெரியவந்தது. இடுப்பெலும்பும் குறுகலாக இருந்தது. சிக்கிய பிரசவத்தில் உரிய நேரத்தில் அறுவை கிடைக்காத பெண்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதே காயத்தோடுதான் வெளியே வந்திருக்கிறார்கள். இப்போதும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லட்சக்கணக்கான பெண்கள் சிகிச்சை கிடைக்காமல் இதோடு வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர், உங்களைப் போலவே, அந்தப் பிரசவத்தில் குழந்தையையும் இழந்தவர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு சிறு குறிப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ‘எப்போதும் ஒழுகினாலும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் தானாகப் போகிறது’ என்கிறீர்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் மூத்திரப்பையில் எதுவும் தங்காது. ஓரளவு தங்குகிறது என்றால் ஓட்டை சிறியதாக இருக்கலாம். அல்லது மூத்திரப்பை நன்றாகவே இருந்து, சிறுநீரகத்திலிருந்து அதற்கு வரும் இரண்டு குழாய்களில் ஒன்று அடிபட்டு, அந்தப் பக்கத்து நீர் மட்டும் வெளியே கசிகிறதாக இருக்கலாம். முதலாவது நல்ல செய்தி. இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் அந்தக் குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நெடு நேர வலியில் மூத்திரப்பை விரிந்து உணர்விழந்து, நிரம்பி வழிகிறதாகவும் சில சமயம் இருக்கும். கடிதத்தைப் படித்து இந்த மூன்றில் எது என்று நான் சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும்.

மருத்துவர் வெட்டிவிட்டாரா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேதிகளைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். கத்தி பட்டு மூத்திரப்பை கிழிந்து, அது கவனிக்கப்படாமல் போயிருந்தால், பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே கசிவோ, வயிற்று உப்பலோ, குழாயில் இரத்தமோ தெரிந்திருக்கும். ஒன்பதாம் நாள் தொடங்கிய கசிவு, நசுங்கிச் செத்த சதை உதிர்ந்ததையே முதலில் நினைக்க வைக்கிறது. அதேசமயம், தலை ஆழமாகச் சிக்கிய நிலையில் செய்யும் சிசேரியன் எங்களுக்கெல்லாம் கடினமான ஒன்று. கருப்பையின் கீழ்ப்பகுதி காகிதம்போல மெலிந்திருக்கும், தையல் ஓர் ஊசி அளவு தள்ளிப் போனாலும் சிறுநீரகக் குழாயைப் பிடித்துவிடும், அந்தக் கசிவும் ஒரு வாரம் கழித்தே வெளிப்படலாம். ஆகவே வெட்டவே இல்லை என்று நான் சாட்சி சொல்லவில்லை. அந்த விடியற்காலையில் அறுவை செய்தவர் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதும், காயத்தின் பெரும்பகுதி அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதும் என் கணிப்பு.

என் துறைக்காரர்கள் விரும்பாவிட்டாலும் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு நேரம் தடைப்பட்ட பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் குழாயை இரண்டு வாரம் வரை விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் பாடம். மூத்திரப்பை சுருங்கி ஓய்வாக இருந்தால் நசுங்கிய சதை பிழைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு ஐந்தாம் நாளே எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்திருந்தால் ஓட்டையே விழுந்திருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் கசிவு தொடங்கிய மறுநாள் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது ‘பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும்’ என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது தவறான பதில். அன்றே அழைத்து மறுபடி குழாய் வைத்திருக்க வேண்டும்.

புகார் பற்றி: எந்த முடிவெடுத்தாலும் முதலில் உங்கள் மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அறுவைக் குறிப்பும், வலி முன்னேறியதை மணிக்கு மணி பதிந்த பார்ட்டோகிராஃப் தாளும் அவற்றில் இருக்க வேண்டும். வழக்குக்கு வேண்டுமோ இல்லையோ, இனி அறுவை செய்யப்போகும் மருத்துவருக்கு அவை கட்டாயம் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கட்டணமின்றி மருத்துவம் பார்க்கும் அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே கூறியிருக்கிறது, அதற்கு வேறு வழிகள்தான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். வழக்கு இரண்டு ஆண்டு காத்திருக்கும். சிகிச்சை காத்திருக்கக் கூடாது. வழக்கு முடியட்டும் என்று அறுவையைத் தள்ளிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

தானாக மூடுமா, பயிற்சியால் மூடுமா?

கசிவு தொடங்கிய முதல் சில வாரங்களில் குழாய் வைத்து மூத்திரப்பையைக் காலியாகவே வைத்திருந்தால் சிறிய ஓட்டைகளில் சில தானாக மூடிக்கொள்ளும். நான்கு மாதம் ஆன பிறகு ஓரங்கள் தோல் மூடி ஆறிவிடும், கம்மல் போட்ட காதுத்துளை ஆறிப்போவதைப்போல. அதன் பின் அது தானாக ஒட்டாது. யூடியூபில் பார்த்து நாளுக்கு நூறு முறை இடுப்புத்தள தசைகளை இறுக்கும் பயிற்சி செய்வதாகச் சொல்கிறீர்கள். தும்மும்போதும் இருமும்போதும் மட்டும் சொட்டும் பெண்களுக்கு அது அருமையான மருந்து, ஏனெனில் அங்கே தளர்ந்திருப்பது தசை. உங்களுக்குக் குடத்திலேயே ஓட்டை, வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நீர் நிற்காது. பயிற்சி பலிக்கவில்லை என்பதால் நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று பொருளில்லை. ஓட்டை மூடிய பிறகு அதே பயிற்சி பயன்படும், அப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பையை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். ஓட்டை இருப்பது மூத்திரப்பையில். கருப்பையை எடுத்தாலும் கசிவு அப்படியேதான் இருக்கும், 24 வயதில் பிள்ளைப் பேறுதான் போகும். வேடிக்கை என்னவென்றால், நல்ல பிரசவ வசதி உள்ள ஊர்களில் இப்போது பார்க்கும் மூத்திரப்பை ஓட்டைகளில் பெரும்பாலானவை கருப்பை அகற்றும் அறுவையின்போது ஏற்படுபவைதாம்.

ஆக, வழி ஒன்றுதான்: அறுவை செய்து அந்த ஓட்டையை மூடுவது. சிக்கல் இல்லாத ஓட்டை, பழகிய கையில், பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு முதல் முறையே மூடிவிடுகிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ரெஜினால்ட் ஹாம்லின், கேதரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர் 1974இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். நாட்கணக்கில் நடந்தும் பேருந்தில் ஒதுக்கப்பட்டும் அங்கே வந்து சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் காய்ந்த துணியோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். உங்களுடையதைவிட எவ்வளவோ மோசமான காயங்கள் அவை.

எங்கே, எப்போது, யாரிடம்

இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டையை மூட முதல் அறுவைதான் மிகச் சிறந்த வாய்ப்பு. அது தோற்றால் சதை தழும்பேறி இறுகிவிடும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒவ்வொன்றாகக் கடினமாகிக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கிறது, தெரிந்தவர் சொன்னார், அடுத்த வாரமே செய்து தருகிறார்கள் என்பதற்காக ஓர் இடத்தில் போய்ப் படுத்துவிடாதீர்கள். பிரசவமாகி ஏறக்குறைய மூன்று மாதம், வீக்கமும் புண்ணும் வடியும்வரை காத்திருந்து செய்வது வழக்கம். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதால் பரிசோதனைக்கு இனிக் காத்திருக்கத் தேவையில்லை.

முதல் படியைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே முடித்துவிடலாம்: ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீர்க் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை), இரண்டு சிறுநீரகங்களுக்கும் ஒரு ஸ்கேன். சிறுநீரகம் ஒன்று வீங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தால் அந்த வாரமே கீழே இறங்குங்கள். காய்ச்சலோடு விலாவில் வலி வந்தாலும் அப்படியே, நேரம் பார்க்க வேண்டாம். ஸ்கேன் நன்றாக இருந்தால், சிறுநீரகவியல் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பெரிய இடத்துக்குப் போங்கள். உங்களுக்கு எட்டும் தொலைவில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. பயணமும் செலவும் முடியுமானால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் இதற்குப் பெயர் பெற்றது. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், இளம் வயதில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மருத்துவரின்றி இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கப் போனார். கடைசி ஆண்டுகளை உங்கள் கொடைக்கானலில் கழித்து 1960இல் அங்கேயே மறைந்தவர் அவர்.

அங்கே போனதும் பிறப்புறுப்புக்குள் பஞ்சு வைத்து, மூத்திரப்பையில் நீலச் சாயம் கலந்த நீரை விட்டுப் பார்ப்பார்கள். பஞ்சு நீலமானால் ஓட்டை மூத்திரப்பையில். நீலமாகாமல் வெறும் நீரில் நனைந்தால் சிறுநீரகக் குழாயில். பிறகு கேமரா வைத்த குழாயால் உள்ளே பார்ப்பதும், சாயம் ஏற்றிய சி.டி. ஸ்கேனும் இருக்கலாம். காற்றோ மலமோ பிறப்புறுப்பு வழியாக வருகிறதா என்றும் கேட்பார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மலக்குடலிலும் ஓட்டை இருந்தால் அறுவைத் திட்டமே வேறாகும். அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் ‘இதுபோன்ற ஓட்டைகளை நீங்கள் எத்தனை மூடியிருக்கிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், கோபப்படுபவரிடம் செய்துகொள்ள வேண்டாம்.

பெரும்பாலும் வயிற்றைத் திறக்காமல், முதுகில் மரப்பு ஊசி போட்டுக் கீழ்வழியாகவே செய்வார்கள். ஓட்டை உயரத்தில் இருந்தாலோ சிறுநீரகக் குழாய் சம்பந்தப்பட்டாலோ வயிற்று வழி. பின்னர் ஏழு முதல் பதினான்கு நாள் சிறுநீர்க் குழாய் இருக்கும். அந்த நாட்களில் அறுவையின் வெற்றி உங்கள் கையில்தான் இருக்கிறது: குழாய் மடங்கவோ அடைக்கவோ கூடாது, பை உடம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பையில் நீர் இறங்காமல் நின்றால் நடுராத்திரியானாலும் செவிலியரை எழுப்புங்கள். குழாய் இருக்கும்வரை மலைக்குத் திரும்பாமல் மருத்துவமனையிலோ அருகிலேயோ தங்குவது நல்லது. செலவைப் பொறுத்தவரை அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. தனியாரானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு, இந்த அறுவை அந்த மருத்துவமனையில் அதில் சேருமா என்று சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓட்டை மூடிய பின்னும் சிலருக்கு இருமும்போது சொட்டுவது மிஞ்சும். அது அறுவை தோற்றதன் அடையாளம் இல்லை. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, நீங்கள் இப்போது வீணாகச் செய்துகொண்டிருக்கும் அந்தப் பயிற்சியும் அதில் ஒன்று.

அதுவரை

மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கசிவு குறையும் என்று நினைத்துச் செய்வது இயல்புதான், ஆனால் நடப்பது நேர்மாறு: சிறுநீர் கெட்டியாகி நாற்றம் கூடுகிறது, தொடை எரிந்து புண்ணாகிறது, கல் சேரவும் இடமாகிறது. சிறுநீர் வெளிர்நிறமாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். உங்கள் ஊர்ப் பனியில் துணி காயாது என்பது எனக்குத் தெரியும். ஈரம் போகாத துணியை மறுபடி கட்டுவதால்தான் தோல் பாதி கெடுகிறது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் உலர்த்தியாவது முழுக்கக் காய்ந்த பருத்தித் துணியை மட்டும் பயன்படுத்துங்கள், வெளியே போகும் நாட்களுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலினோ ஸிங்க் ஆக்ஸைடு களிம்போ கனமாகத் தடவினால் நீர் தோலில் ஒட்டாது. டெட்டால் வேண்டாம்.

பாதம் தொங்குவதும் அதே அழுத்தத்தின் விளைவு. இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கியிருக்கிறது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். கணுக்கால் இறுகிப்போகாமல் இருக்க இயன்முறை மருத்துவரிடம் பயிற்சியும், பாதத்தை நிமிர்த்தி வைக்கும் பட்டையும் கேளுங்கள். அதுவரை மேட்டுநிலப் படிக்கட்டில் சுமையோடு ஏற வேண்டாம். மாதவிலக்கு வராததற்கு உடல் நலிவும் மன அதிர்ச்சியும் காரணமாக இருக்கலாம், இந்தக் காயமுள்ள பலருக்கு இப்படித்தான். ஆனாலும் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்ததா என்பதையும் ஆவணத்தில் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கென்று ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

புகுந்த வீடும் அடுத்த குழந்தையும்

மனைவி உயிரோடு இருக்க, மணமுறிவு இல்லாமல் செய்யும் இரண்டாவது திருமணம் குற்றம், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. பிரசவத்தில் ஏற்பட்ட இந்தக் காயத்தை மணமுறிவுக்கான காரணமாக இந்துத் திருமணச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மிரட்டலோ வெளியேற்றமோ நடந்தால் 181 என்ற எண்ணில் மகளிர் உதவி கிடைக்கும். இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. வேறு பெண் பேச்சை எடுத்தவர்கள் அத்தையும் ஓரகத்தியும். உங்கள் கணவர் நான்கு மாதத்தில் மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் மல் துணியும் சோப்பும் வாங்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போயிருக்கிறார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பரிசோதனைக்குப் போகும்போது அவரை உடன் வரச் சொல்லுங்கள். ‘இது ஓர் ஓட்டை, மூடலாம்’ என்று மருத்துவர் வாயால் அவர் கேட்பது நீங்கள் நூறு முறை சொல்வதற்குச் சமம். வீட்டில் அத்தையிடம் சொல்லவும் அவருக்கு ஒரு வார்த்தை கிடைக்கும்.

குழந்தை பிறக்கும். உங்கள் கருப்பையும் சினைப்பைகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாம்பத்தியம் வேண்டாம். கர்ப்பத்துக்கு ஓராண்டாவது இடைவெளி விடுங்கள், அதுவரை கருத்தடை முறையை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்துகொள்ளுங்கள். கர்ப்பமானதும் முதல் பதிவிலேயே ‘முன்பு தடைப்பட்ட பிரசவம், ஓட்டை மூடிய அறுவை’ என்று தாய் சேய் நல அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிரசவம் வலி வருவதற்கு முன்பே, நாள் குறித்துச் செய்யும் சிசேரியனாக இருக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. கடைசி மாதத்தை மலையில் கழிக்க வேண்டாம். வத்தலக்குண்டிலோ மதுரையிலோ உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள். யாரும் இல்லையென்றால் மலைப்பகுதிக் கர்ப்பிணிகளுக்கான பிரசவக் காத்திருப்பு அறை பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மழையில் மரம் விழுந்த அந்தச் சாலை இன்னொரு முறை குறுக்கே வரக் கூடாது.

கடைசியாக, நீங்கள் பென்சிலால் எழுதியது. உடம்பு எப்போதும் நனைந்தே இருப்பதால், பூம்பாறை குழந்தை வேலப்பரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, அது தீட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்திரம் எனக்குத் தெரியாது அம்மா. மருத்துவர் என்ற முறையில், நீங்கள் போகக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. போகும் முன் களிம்பு தடவி, டயப்பர் கட்டி, மாற்று ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்றால் அதுவே போதும். பாதம் இன்னும் சரியாகவில்லை, படியேறும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.